ஐரோப்பிய பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் ஏன் மூடப்படுகின்றன? ஆட்குறைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 முதல் ஐரோப்பாவின் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஸ்காட்லாந்து, நார்மண்டி, தெற்கு இத்தாலி, நெதர்லாந்து, கிழக்கு ஜெர்மனி என்று ஊர்ப் பெயர் மாறினாலும், எரிசக்தி விலை, மூலப்பொருள் விலை, உலகளாவிய மிகை உற்பத்தி என்று அறிவிப்புகளில் சொல்லப்படும் காரணங்கள் மாறுவதில்லை. இவை பொய்க் காரணங்களும் அல்ல. ஆனால் ஆலை நிற்கும் நாளுக்கும், அந்த ஊருக்கு வேறு வேலை வந்து சேரும் நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதை அந்த அறிவிப்புகள் சொல்வதில்லை. கீழுள்ள பதில்கள் தொழிலின் கணக்கையும், அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் மனிதர்களின் நிலையையும் சேர்த்தே விளக்க முயல்கின்றன.

இதுவரை எவ்வளவு உற்பத்தித் திறன் மூடப்பட்டுள்ளது? எத்தனை வேலைகள் போயின?

ஐரோப்பிய வேதித்தொழில் கூட்டமைப்பான செஃபிக் 2026 ஜனவரியில் வெளியிட்ட கணக்கின்படி, 2022 முதல் அறிவிக்கப்பட்ட மூடல்கள் சுமார் 3.7 கோடி டன் உற்பத்தித் திறனைத் தொடுகின்றன. இது ஐரோப்பாவின் மொத்த வேதிப்பொருள் உற்பத்தித் திறனில் ஏறத்தாழ 9 விழுக்காடு. இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் வேலைகள் சுமார் 20,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தொழிலில் நேரடியாகப் பணிபுரிவோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்பதால், 20,000 என்ற எண் சிறியதாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்த இழப்பு கண்டம் முழுவதும் பரவலாக விழவில்லை. ஒரே ஆலையை நம்பி வளர்ந்த சில ஊர்களின்மேல் மொத்தமாக விழுகிறது. மேலும், இந்தக் கணக்கைத் தருவது சலுகை கேட்டு அரசுகளை அணுகும் ஒரு தொழிலமைப்பு என்பதையும், ஒப்பந்தத் தொழிலாளரும் உள்ளூர்க் கடைக்காரரும் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

கிராக்கர் என்பது என்ன? எல்லாச் செய்திகளும் ஏன் அதைச் சுற்றியே வருகின்றன?

கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவையோ, இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கப்படும் ஈத்தேனையோ நீராவியுடன் கலந்து சுமார் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடைக்கும் ஆலையே கிராக்கர். பெரிய மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன், புரொப்பிலீன், பியூட்டாடையீன், பென்சீன் ஆகியவை கிடைக்கின்றன. பால் பாக்கெட், தண்ணீர்க் குழாய், கார் டயர், ஊசி மருந்துக் குழல், வீட்டுச் சுவரின் பெயின்ட் எனப் பெரும்பாலான பொருள்களின் தொடக்கம் இந்த நான்கைந்து மூலக்கூறுகளில்தான் இருக்கிறது. கிராக்கர் நின்றால் அதன் கீழே உள்ள பாலிஎத்திலீன் ஆலை, பிவிசி ஆலை, ரப்பர் ஆலை எல்லாமே வேறிடத்திலிருந்து மூலப்பொருள் தேட வேண்டியதாகிறது. ஆகவேதான் ஒரு நாட்டின் வேதித்தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய அதன் கிராக்கர்களை முதலில் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் உற்பத்திச் செலவு ஏன் இவ்வளவு அதிகம்?

முதற்காரணம் மூலப்பொருள். ஐரோப்பியக் கிராக்கர்களில் பெரும்பாலானவை நாப்தாவை உடைப்பவை. அமெரிக்காவில் 2000-களின் இறுதியில் தொடங்கிய ஷேல் எரிவாயு (களிப்பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கப்படும் எரிவாயு) உற்பத்தி, ஈத்தேனை ஏராளமாகவும் மலிவாகவும் ஆக்கியது. வளைகுடா நாடுகளில் அது அதற்கு முன்பே மலிவு. ஒரு டன் ஈத்தேனை உடைத்தால் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் எத்திலீன் கிடைக்கும். நாப்தாவிலிருந்து கிடைப்பதோ மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் புரொப்பிலீன், பென்சீன் போன்ற துணைப்பொருள்கள் கிடைக்கும் என்பது உண்மையே. அவற்றுக்கு நல்ல விலை இருந்த காலங்களில் ஐரோப்பிய ஆலைகள் அதைக் கொண்டே சமாளித்தன. இப்போது அந்தத் துணைப்பொருள்களும் உலகச் சந்தையில் தேவைக்கு மேல் கிடப்பதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இரண்டாவது எரிவாயு. 2021 வரை ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரைன் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு மெகாவாட் மணிக்குச் சுமார் 20 யூரோவாக இருந்த மொத்த விலை, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. பின்னர் அது வெகுவாக இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குழாய் வழியே வந்த எரிவாயுவின் இடத்தைக் கப்பலில் வரும் திரவ எரிவாயு பிடித்திருக்கிறது. குளிர்வித்து, ஏற்றி, கடல் கடந்து, மீண்டும் வாயுவாக்கும் செலவு அதன் விலையிலேயே இருப்பதால், அமெரிக்க ஆலை கொடுக்கும் விலையைப் போல மூன்று நான்கு மடங்கை ஐரோப்பிய ஆலை கொடுக்க நேர்கிறது. வேதித்தொழிலில் எரிவாயு எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுவதால் அடி இரு பக்கமும் விழுகிறது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பிஏஎஸ்எஃப் நிறுவனம் தன் இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றையும், நுரை மெத்தைகளுக்கான மூலப்பொருளான டிடிஐ தயாரிக்கும், ஆண்டுக்கு 3 லட்சம் டன் திறன் கொண்ட ஆலையையும், நைலானுக்கான மூலப்பொருளான கேப்ரோலாக்டம் ஆலையையும் மூடுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்ததற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

மூன்றாவதாக ஆலைகளின் வயது. பல ஐரோப்பியக் கிராக்கர்கள் 1960-களிலும் 1970-களிலும் எழுந்தவை. அவை சிறியவை, பராமரிப்புச் செலவு மிக்கவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு ஆலையையும் நிறுத்திச் செய்யும் பெரும் பராமரிப்பு நெருங்கும்போது, அந்தச் செலவைச் செய்வதா, கதவை மூடுவதா என்ற கேள்வி எழுகிறது. பல மூடல் அறிவிப்புகள் அந்தத் தருணத்தை ஒட்டியே வருகின்றன.

அப்படியானால் சீனாவைக் குறை சொல்வது ஏன்?

2018-க்குப் பிறகு சீனா மிகப் பெரிய அளவில் கிராக்கர்களைக் கட்டியது. டாலியனில் ஹெங்லி, ஜௌஷானில் ஜெஜியாங் பெட்ரோகெமிக்கல் போன்ற நிறுவனங்கள் சுத்திகரிப்பையும் வேதிப்பொருள் உற்பத்தியையும் ஒரே வளாகத்தில் இணைத்து நிறுவிய ஆலைகள், ஒவ்வொன்றும் பல பழைய ஐரோப்பிய ஆலைகளுக்குச் சமம். முன்பு சீனா உலகிலேயே பெரிய வாடிக்கையாளராக இருந்தது. அந்த வாடிக்கையாளர் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியதும், அங்கே போய்க்கொண்டிருந்த சரக்கெல்லாம் வேறு சந்தை தேடி ஐரோப்பாவுக்கு வந்தது. 20 ஆண்டுகளுக்கு முன் உலக வேதிப்பொருள் விற்பனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு 2023-இல் சுமார் 13 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இந்த அடி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. தென்கொரியாவில் 2025 ஆகஸ்டில் அரசும் பத்து பெட்ரோ கெமிக்கல் நிறுவனங்களும் சேர்ந்து, ஆண்டுக்கு 27 லட்சம் முதல் 37 லட்சம் டன் வரையிலான நாப்தா கிராக்கர் திறனைக் குறைக்க ஒப்புக்கொண்டன. எரிவாயு விலை நாளையே குறைந்தாலும் ஐரோப்பிய ஆலைகள் பழையபடி ஓடும் என்று எதிர்பார்ப்பது தவறு என்பதற்கு இதுவே போதிய சான்று.

நட்டம் என்று சொல்லும் அதே நிறுவனங்கள் வேறு நாடுகளில் முதலீடு செய்கின்றன என்பது உண்மையா?

உண்மை. நார்மண்டியின் கிராவன்ஷோனில் தன் கிராக்கரை மூடி 677 வேலைகளை நீக்குவதாக 2024 ஏப்ரலில் எக்ஸான்மொபில் அறிவித்தது. 2018 முதல் 50 கோடி யூரோவுக்கு மேல் நட்டம் என்பது அது சொன்ன காரணம். அதே நிறுவனம் சீனாவின் ஹுயிஜௌவில் ஆண்டுக்கு 16 லட்சம் டன் எத்திலீன் தரும் வளாகத்தைக் கட்டி முடித்திருக்கிறது. நெதர்லாந்தின் கெலீனிலும் இங்கிலாந்தின் டீஸ்சைடிலும் கிராக்கர்களைக் கைவிட்ட சவூதி நிறுவனமான சபிக், சீனாவின் ஃபுஜியானில் புதிய வளாகத்தில் பங்குதாரர். லுட்விக்ஸ்ஹாஃபனில் ஆலைகளைக் குறைத்த பிஏஎஸ்எஃப், சீனாவின் ஜான்ஜியாங்கில் தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய முதலீட்டைச் செய்தது.

இதை நம்பிக்கைத் துரோகம் என்று தொழிற்சங்கங்கள் கூறுகின்றன. சந்தை எங்கே வளர்கிறதோ அங்கேதான் ஆலை கட்ட முடியும் என்று நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முதலீட்டு முடிவும் கணக்குக்கு ஒத்துவரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் லாபம் கொழித்த ஆண்டுகளில் பழைய ஆலைகளின் ஈட்டிலிருந்து அந்த ஆலைகளுக்கே எவ்வளவு திரும்பச் செலவிடப்பட்டது என்ற கேள்வியை எழுப்பும் உரிமை அங்கே உழைத்தவர்களுக்கு உண்டு. பழைய இயந்திரம் போட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை என்று சொல்வதற்கு முன், அதைப் பழையதாகவே விட்டது யார் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

கரிம உமிழ்வுக் கட்டணம்தான் இத்தொழிலைக் கொன்றது என்கிறார்களே?

ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டத்தின்படி ஆலைகள் தாம் வெளியிடும் கரியமில வாயுவுக்கு உரிமம் வாங்க வேண்டும். வேதிப்பொருள் ஆலைகளுக்கு இவற்றில் பெரும்பங்கு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த இலவச ஒதுக்கீடு படிப்படியாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பே முதலீட்டாளர்களை அச்சுறுத்துகிறது. இதில் ஓர் உண்மையான ஓட்டையும் உள்ளது. 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த எல்லைக் கரிம வரி (இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வுக்கு விதிக்கப்படுவது), இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்குப் பொருந்துகிறது. பிளாஸ்டிக்குக்கும் எத்திலீன் வழிப் பொருள்களுக்கும் பொருந்தவில்லை. ஆகவே உள்ளூர் ஆலைக்குச் சுமை இருக்க, இறக்குமதிக்கு இல்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஆயினும் மூலப்பொருள், எரிவாயு ஆகியவற்றின் விலை வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இது இரண்டாம் நிலைக் காரணமே. காலநிலைக் கொள்கையைக் கைவிட்டால் ஆலைகள் பிழைத்துவிடும் என்று தொழிலாளர்களிடம் சொல்வது, அவர்களைத் தவறான எதிரியோடு மோத விடுவதாகும்.

ஓர் ஆலையை மூடினால் சுற்றியுள்ள ஆலைகளும் ஏன் ஆட்டம் காண்கின்றன?

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிழக்கு ஜெர்மனியின் வேதித்தொழில் முக்கோணம். சாக்சனியில் போலன், சாக்சனி அன்ஹால்ட்டில் ஷ்கோபாவ், லொய்னா ஆகிய ஊர்களின் ஆலைகள் நிலத்தடிக் குழாய்களால் பிணைக்கப்பட்டவை. ராஸ்டாக் துறைமுகத்திலிருந்து குழாயில் நாப்தா போலனுக்கு வருகிறது. அங்குள்ள கிராக்கரில் உடைந்து, எத்திலீனாகவும் புரொப்பிலீனாகவும் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அமெரிக்காவின் டவ் நிறுவனம் போலன் கிராக்கரையும், ஷ்கோபாவில் உள்ள குளோரின், வினைல் ஆலைகளையும் 2027 இறுதியில் மூடுவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. வேல்ஸ் நாட்டின் பாரியில் உள்ள, சிலிக்கோனுக்கான மூலப்பொருளான சிலாக்ஸேன் தயாரிக்கும் ஆலையும் அதே அறிவிப்பில் அடக்கம். மூன்றிலும் சேர்த்துச் சுமார் 800 வேலைகள்.

இந்த 800 என்பது டவ் நிறுவனத்தின் கணக்கு மட்டுமே. அந்த எத்திலீனையும் குளோரினையும் வாங்கும் ஆலைகள், அவற்றின் நீராவியையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பகிர்ந்துகொள்ளும் சிறு நிறுவனங்கள், ரயில் சரக்குப் பணியாளர்கள் ஆகியோர் அதில் இல்லை. பொதுச் செலவைப் பகிர்வோர் எண்ணிக்கை குறையும்போது எஞ்சியவர்களின் பங்கு ஏறுகிறது; அதைத் தாங்க முடியாமல் அடுத்தவர் வெளியேறுகிறார்.

இப்பகுதி மக்கள் இதை ஒருமுறை முழுமையாக அனுபவித்தவர்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஷ்கோபாவ் பிளாஸ்டிக் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1990-இல் ஜெர்மனி இணைந்த பின் இங்கிருந்த வேதித்தொழில் வேலைகளில் மிகப் பெரும் பகுதி சில ஆண்டுகளில் மறைந்தது. முக்கோணத்தைக் காப்போம் என்று அன்றைய பிரதமர் ஹெல்முட் கோல் வாக்குறுதி அளித்தார். 1995-இல் பெருந்தொகை அரசு உதவியுடன் டவ் நிறுவனம் ஆலைகளைப் பொறுப்பேற்றது. அந்த ஏற்பாட்டின் வரம்பு இப்போது தெரிகிறது. பெற்றோரின் வேலையிழப்பைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர்கள், தம் ஐம்பதுகளில் அதே வாயிலில் அதே அறிவிப்பைப் படிக்கிறார்கள்.

கிரேஞ்ச்மவுத்தில் என்ன நடந்தது?

ஸ்காட்லாந்தின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஃபோர்த் நதியின் முகத்துவாரத்தில் உள்ள கிரேஞ்ச்மவுத்தில் 1924 முதல் இயங்கிவந்தது. பிரிட்டனின் இனியோஸ், சீனாவின் பெட்ரோசைனா ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான பெட்ரோஇனியோஸ் 2023 நவம்பரில் இதை இறக்குமதி முனையமாக மாற்றத் திட்டமிடுவதாகச் சொன்னது. 2024 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. 2025 ஏப்ரல் இறுதியில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு நின்றது. சுமார் 400 வேலைகள் போயின. பல நூறு பேர் கொண்டு எண்ணெய் சுத்திகரித்த இடத்தில், கப்பலில் வரும் பெட்ரோலையும் டீசலையும் தொட்டியில் இறக்கி அனுப்பச் சில டஜன் பேர் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது காலவரிசை. ஆலைக்குப் பிந்தைய எதிர்காலத்தை ஆராய ஸ்காட்லாந்து, பிரிட்டன் அரசுகள் 15 லட்சம் பவுண்டு செலவிட்டு நடத்திய வில்லோ திட்ட ஆய்வறிக்கை 2025 மார்ச்சில், அதாவது சுத்திகரிப்பு நிற்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியானது. பிளாஸ்டிக் மறுசுழற்சி, உயிரி எரிபொருள், ஹைட்ரஜன் என ஒன்பது வழிகளை அது முன்வைத்தது. 350 கோடி பவுண்டு தனியார் முதலீடு வந்தால் 2040-க்குள் 800 வேலைகள் உருவாகலாம் என்றது. அரசு 20 கோடி பவுண்டு தருவதாகப் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்திருந்தார். அதுவும் தனியார் முதலீட்டாளர் முன்வந்தால்தான்.

2025-இல் வேலையிழந்த 45 வயதுத் தொழிலாளிக்கு 2040-இல் வயது 60. அவருக்கு வீட்டுக் கடன் தவணை இருக்கிறது, கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய வேலையை எதிர்பார்த்து அவர் காத்திருக்க மாட்டார். வேறு ஊருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விடுவார். அந்தத் திறமை போன பின் புதிய ஆலைக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. ஆலை நின்ற பிறகு மாற்று தேடுவதை நியாயமான மாற்றம் என்று அழைக்க முடியாது.

கிரேஞ்ச்மவுத்தின் எத்திலீன் கிராக்கர் வேறு கதை. அது இனியோஸுக்கு மட்டும் உரியது. 2013 அக்டோபரில், புதிய ஊதிய, ஓய்வூதிய நிபந்தனைகளைத் தொழிலாளர்கள் ஏற்க மறுத்தபோது பெட்ரோ கெமிக்கல் பகுதியை மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. யுனைட் தொழிற்சங்கம் சில நாட்களில் நிபந்தனைகளை ஏற்றது, ஆலை பிழைத்தது. 2016 முதல் அமெரிக்க ஈத்தேன் கப்பலில் வந்து அதை இயக்குகிறது. 2025 டிசம்பரில் பிரிட்டன் அரசு அந்தக் கிராக்கருக்கு 12 கோடி பவுண்டு அளித்து, 500-க்கும் மேற்பட்ட வேலைகளைக் காப்பதாக அறிவித்தது.

மோஸ்மோரனுக்கு ஏன் அந்த உதவி கிடைக்கவில்லை?

கிரேஞ்ச்மவுத்திலிருந்து சற்றுத் தொலைவில், ஃபைஃப் பகுதியின் மோஸ்மோரனில் 1985 முதல் எக்ஸான்மொபில் நிறுவனத்தின் எத்திலீன் ஆலை இயங்கியது. 2026 பிப்ரவரியில் அதை நிறுத்துவதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் 179 பேர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 250 பேர். மூன்று மாதம்கூட நிறைவுறாத அவகாசம். லாபகரமாக இயங்கும் வழி தென்படவில்லை என்று கூறி பிரிட்டன் அரசு விலகிக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் கிரேஞ்ச்மவுத்துக்கு நிதி கிடைத்ததை மோஸ்மோரன் தொழிலாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. பிரிட்டனின் கடைசி எத்திலீன் ஆலை என்பதே கிரேஞ்ச்மவுத்துக்கு உதவ அரசு சொன்ன காரணம். கடைசி ஆலை என்ற நிலை வரும்வரை காத்திருந்தது கொள்கையின் குறைபாடு.

வேலையிழப்பவர்களுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு உண்டு?

நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுக் கூட்டு ஆட்குறைப்பு நெறிமுறையின்படி, பெருமளவில் ஆட்களை நீக்குமுன் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் கலந்து பேசவும் அரசுக்கு அறிவிக்கவும் வேண்டும். அது மூடலைத் தடுக்காது, பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்கும்.

ஜெர்மனியில் தொழிலாளர் மன்றத்துக்கு உண்மையான பலம் உண்டு. இழப்பீட்டையும் மறுபயிற்சியையும் வரையறுக்கும் சமூகத் திட்டத்தை நிர்வாகம் மன்றத்துடன் பேசி முடித்தாக வேண்டும். வேலையிழப்பவர்கள் இடைமாற்று நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, 12 மாதங்கள் வரை முந்தைய நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை, பிள்ளைகள் இருந்தால் 67 விழுக்காட்டை, அரசுக் காப்பீட்டிலிருந்து பெறுவதுண்டு. லுட்விக்ஸ்ஹாஃபனில் 2028 இறுதிவரை கட்டாயப் பணிநீக்கம் இல்லை என்ற உடன்பாடு இருப்பது அந்தப் பலத்தின் விளைவு. பிரான்சில் வேலைப் பாதுகாப்புத் திட்டத்தை நிர்வாகம் முன்வைத்து அரசின் ஒப்புதல் பெற வேண்டும். பிரிட்டனில் 100 பேரையோ அதற்கு மேலோ நீக்கினால், முதல் பணிநீக்கத்துக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்பே கலந்தாலோசனை தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

ஆலை மூடலால் குறைந்தது 200 பேர் வேலையிழந்தால் உலகமயமாக்கல் சீரமைப்பு நிதியிலிருந்து மறுபயிற்சிக்குப் பணம் கேட்க ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கு வழி உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால் ஸ்காட்லாந்துக்கு அந்த வாசல் அடைந்துவிட்டது.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை என்ன?

மிக மோசம். சாரம் கட்டுவோர், வெல்டர்கள், குழாய் பொருத்துவோர், வெப்பக் காப்பு வேலை செய்வோர், துப்புரவுப் பணியாளர், காவலர், உணவக ஊழியர் ஆகியோர் பல ஆண்டுகள் ஒரே ஆலைக்குள் உழைத்தாலும், சட்டப்படி வேறொரு நிறுவனத்தின் ஊழியர்கள். ஆலை உரிமையாளர் தரும் கூடுதல் இழப்பீடு அவர்களுக்குப் பொருந்துவதில்லை. அவர்களுடைய முதலாளிக்கு ஓர் ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். மோஸ்மோரனில் இவர்கள் நேரடி ஊழியர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். ஓர் ஆலை மூடலைப் பற்றிய செய்தியில் ஒரே ஓர் எண் மட்டும் தரப்பட்டால், அதில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடங்குவார்களா என்று பார்ப்பது வாசகர்களின் பழக்கமாக வேண்டும்.

மூடாமல் விற்கப்படும் ஆலைகளுக்கு எதிர்காலம் உண்டா?

லியோண்டல்பாசெல் நிறுவனம் பிரான்சின் பேர், ஜெர்மனியின் முன்ஷ்முன்ஸ்டர், இங்கிலாந்தின் காரிங்டன், ஸ்பெயினின் தாரகோனா ஆகிய நான்கு இடங்களை மியூனிக்கைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனமான ஏக்விட்டாவுக்கு விற்கப் பேசிவருவதாக 2025 ஜூனில் அறிவித்தது. 2026 ஜனவரியில் சபிக் நிறுவனமும் தன் ஐரோப்பியப் பெட்ரோ கெமிக்கல் பிரிவை அதே நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. இத்தகைய கைமாற்றம் சில ஆலைகளுக்கு உண்மையிலேயே மறுவாழ்வு தரலாம். ஆனால் தொழிலாளர்கள் முதலில் கேட்க வேண்டியது ஓய்வூதியக் கடப்பாடும் நிலத்தூய்மைச் செலவும் யார் பொறுப்பில் போகின்றன என்பதுதான்.

புதிதாக எதுவுமே கட்டப்படவில்லையா?

கட்டப்படுகிறது. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இனியோஸ் சுமார் 400 கோடி யூரோ செலவில் ஆண்டுக்கு 14.5 லட்சம் டன் எத்திலீன் தரும் ஈத்தேன் கிராக்கரை நிறுவிவருகிறது. அதே துறைமுகத்தில் டோட்டல்எனர்ஜீஸ் தன் இரண்டு கிராக்கர்களில் பழையதை 2027 இறுதிக்குள் மூடுகிறது. எத்திலீன் வாங்கிவந்த ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று தெரிவித்ததும், ஐரோப்பாவில் எத்திலீன் மிகுதியாக இருப்பதுமே அது சொன்ன காரணங்கள். அங்கே 253 பணியிடங்கள் நீங்கினாலும், ஓய்வு, உள்மாற்றம் ஆகியவற்றின் மூலம் எவரையும் வெளியேற்றாமல் செய்வதாக நிறுவனம் உறுதியளித்தது. இரண்டரை ஆண்டுக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. மோஸ்மோரனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப், சபிக், லிண்டே ஆகிய மூன்றும் சேர்ந்து மின்சாரத்தால் சூடாக்கும் கிராக்கர் உலைகளின் முன்மாதிரியை 2024 ஏப்ரலில் தொடங்கின. மணிக்கு சுமார் 4 டன் மூலப்பொருளைக் கையாளும் சிறு அமைப்பு அது. தொழில்நுட்பம் நம்பிக்கை தருகிறது; மலிவான மின்சாரம் இல்லாமல் அது பெருகாது.

ஆலைகள் மூடப்படுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

உள்ளூரில் ஆம். மோஸ்மோரனைச் சுற்றி வாழ்ந்தோர், இரவு முழுதும் எரிந்த சுடர்க் கோபுரத்தின் வெளிச்சம், அதிர்வு, இரைச்சல் பற்றிப் பல ஆண்டுகள் புகார் சொன்னார்கள். இத்தாலியின் பிரிண்டிசி, பிரியோலோ போன்ற இடங்களில் மண்ணும் நீரும் மாசுபட்ட வரலாறு நீண்டது. அவர்களின் நிம்மதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் உலகக் கணக்கில் பயன் ஐயத்துக்குரியது. ஐரோப்பியர்கள் பிளாஸ்டிக் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. நிலக்கரியிலிருந்து ஓலிஃபின் (எத்திலீன், புரொப்பிலீன் வகை) செய்யும் சீன ஆலையின் பொருள் கப்பலேறி வந்தால், உமிழ்வு இடம் மாறியதே தவிர நீங்கவில்லை.

ஐரோப்பிய அரசுகள் என்ன செய்கின்றன?

2024 பிப்ரவரி 20 அன்று ஆன்ட்வெர்ப்பில் 73 தொழில் தலைவர்கள் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனிடம் ஒரு பிரகடனத்தை அளித்தனர். ஓராண்டுக்குப் பின் தூய்மைத் தொழில் ஒப்பந்தம் வந்தது. 2025 ஜூலை 8 அன்று வேதித்தொழிலுக்கென்றே செயல்திட்டம் வந்தது. எந்த மூலக்கூறுகளை ஐரோப்பா இழக்கவே கூடாது என்று அடையாளம் காண ஒரு கூட்டணியும் அதில் முன்மொழியப்பட்டது. இவை தேவையானவையே. வேகம்தான் போதவில்லை. ராட்டர்டாமின் பெர்னிஸில் உள்ள எபாக்சி (பசை, பூச்சுகளுக்கான பிசின்) ஆலைகளை மூடுவதாக வெஸ்ட்லேக் 2025 ஜூனில் அறிவித்தது. சுமார் 230 வேலைகள். சீனா உள்ளிட்ட நாடுகளின் எபாக்சி பிசினுக்கு எதிரான இறுதிக் குவிப்புத் தடுப்பு வரி (நியாயமற்ற மலிவு இறக்குமதிக்கு எதிரான வரி) அடுத்த மாதம் வந்தது.

மூடிய கிராக்கரை விலை ஏறும்போது மீண்டும் திறக்க முடியாதா?

நடைமுறையில் முடியாது. உலைகளின் உலோகம் குளிர்ந்து நின்றால் கெடும், அனுமதிகள் காலாவதியாகும், ஒலியையும் மணத்தையும் வைத்தே கோளாறை அறியும் இயக்குநர்கள் கலைந்துபோவார்கள். ஒரு கட்டுப்பாட்டு அறைக் குழுவை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அடுத்து எந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும்?

2027 இறுதியில் போலன், ஷ்கோபாவ், ஆன்ட்வெர்ப் ஆகிய மூன்று இடங்களிலும் அறிவிக்கப்பட்ட மூடல்கள் நிறைவேற வேண்டும். லுட்விக்ஸ்ஹாஃபன் உடன்பாட்டின் காலம் 2028 இறுதியோடு முடிகிறது. போலனுக்கும் ஷ்கோபாவுக்கும் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடைத்துள்ளன. கிரேஞ்ச்மவுத்துக்கும் மோஸ்மோரனுக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. அந்தக் காலத்துக்குள் கிராக்கருக்கு வேறு உரிமையாளரோ, குழாய்களுக்கு வேறு எத்திலீன் மூலமோ, தொழிலாளர்களுக்குப் பயிற்சியோடு இணைந்த உறுதியான பணியிடங்களோ ஏற்பாடாக வேண்டும். அதற்கான பேச்சுவார்த்தையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் மேசையில் அமர வேண்டும் என்று சாக்சனி, சாக்சனி அன்ஹால்ட் மாநில அரசுகள் இப்போதே வலியுறுத்த வேண்டும்.